எதிரே ஒருவர் வேண்டும்

பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலின் பயிற்சிப் பக்கங்களில் ‘கூற்று, காரணம்’ என்றொரு வினா வகை உண்டு. மேலே ஒரு கூற்று, அதன் கீழே ஒரு காரணம். இரண்டும் சரியா? சரியென்றால் அந்தக் காரணம் இந்தக் கூற்றை விளக்குகிறதா? நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த நான்கில் ஒன்று மிக நுட்பமானது: கூற்றும் சரி, காரணமும் சரி, ஆனால் காரணம் கூற்றை விளக்கவில்லை. உண்மையான இரண்டு செய்திகளை அருகருகே வைத்துவிட்டால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பதை ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை உணர இங்கே வாய்ப்பிருக்கிறது. தர்க்கவியலின் நடுநாயகமான கேள்வி அது. வகுப்பில் பெரும்பாலும் நடப்பதோ வேறு. ஐந்தாம் வினாவுக்கு விடை ‘ஆ’, ஆறாம் வினாவுக்கு ‘இ’ என்று பென்சிலால் குறித்துக்கொண்டு மனப்பாடம் செய்கிறார்கள். ‘ஏன் விளக்கவில்லை?’ என்று கேட்கப் பாடவேளையில் இடமில்லை.

மாணவருக்கு வாதிடக் கற்றுத்தர முடியுமா, முடியுமென்றால் எப்படி என்பது மிகப் பழைய கேள்வி. அதற்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. வாதத்தைக் கட்டுவது ஒன்று. கட்டியதைக் காப்பது மற்றொன்று. முதல் வேலையைக் கட்டுரை, பேச்சுப்போட்டி வழியாக நம் பள்ளிகள் ஓரளவு செய்கின்றன. இரண்டாவதை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. பழைய நூல்களையும், கடந்த அறுபது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று: இரண்டாவது இல்லாமல் முதலாவதும் வருவதில்லை. மறித்துக் கேட்க எதிரே ஒருவர் இருக்கும்போதுதான் பிள்ளை தன் வாதத்தை ஒழுங்காகக் கட்டவே தொடங்குகிறது.

நம் பேச்சுவழக்கைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ‘தர்க்கம் பண்ணாதே’ என்றால் சண்டைக்கு வராதே என்று பொருள். கேள்வி கேட்கும் பிள்ளை ‘வாய்க்கு வாய் பேசுகிறது’. அதற்கும் அடங்காவிட்டால் ‘விதண்டாவாதம்’ என்ற சொல் வந்து விழுகிறது. இந்தக் கடைசிச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. கௌதமரின் நியாய சூத்திரம் விவாதத்தை மூன்றாகப் பிரிக்கிறது. உண்மையை அறிய இருவர் சேர்ந்து பேசுவது வாதம். வெல்வதற்காகவே பேசுவது ஜல்பம். தனக்கென எந்த நிலைப்பாட்டையும் நாட்டாமல் அடுத்தவர் சொல்வதைத் தகர்ப்பது மட்டுமே விதண்டை. மூன்றையும் பிரித்தறியத் தெரிந்திருந்த மரபின் சொல்லை எடுத்து, எல்லாக் கேள்விக்கும் பொதுவான வசையாக்கி வைத்திருக்கிறோம். மாணவர் கேட்டது வாதமா விதண்டையா என்று பிரித்துப் பார்க்கும் ஆசிரியர் அந்த இடத்திலேயே பாதி தர்க்கத்தைக் கற்றுத் தந்துவிடுகிறார்.

தமிழில் இந்தக் கல்விக்கு ஆழமான தடம் இருக்கிறது. மணிமேகலை வஞ்சி மாநகரில் தவவேடம் பூண்டு ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். எல்லாரையும் கேட்டு முடித்தபின் காஞ்சியில் அறவண அடிகளிடம் அளவையியல் கற்கிறாள். இந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது: முதலில் கேட்டல், பிறகு கருவிகள். அந்த இருபத்தொன்பதாம் காதை ஒரு பாடநூலைப் போலவே நடக்கிறது. பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வாதத்தின் உறுப்புகளைச் சொல்லிவிட்டு அவை ஒவ்வொன்றும் எப்படியெல்லாம் போலியாகும் என்று விரிக்கிறது. பக்கம் என்பது நாட்ட வந்த கூற்று. ஏது அதற்கான காரணம். திட்டாந்தம் எடுத்துக்காட்டு. மலையில் நெருப்பு இருக்கிறது, புகை தெரிவதால், அடுக்களையில் பார்த்திருக்கிறோமே என்பது பழைய உதாரணம். ‘என் தாய் மலடி’ என்பது பக்கப் போலி, சொன்ன சொல்லே தன்னை மறுத்துக்கொள்வதால். கண்ணாடி போட்டிருக்கிறான், ஆகையால் நன்றாகப் படிப்பான் என்றால் அது ஏதுப் போலி. படிக்காதவர்களும் கண்ணாடி போடுகிறார்களே! ஒன்பதாம் வகுப்பில் ஒரே பாடவேளையில் நடத்திவிடக்கூடிய செய்திகள் இவை. மணிமேகலையைச் செய்யுளாகவும் அறமாகவும் நடத்துகிறோம்; அதிலுள்ள தர்க்கத்தைக் கடினம் என்று விட்டுவிடுகிறோம்.

சைவ சித்தாந்தத்திலும் இதே ஒழுங்குதான். மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டு சூத்திரங்களையும் அதிகரணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று அடுக்குகிறது. அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என்று இரு பகுதிகளாக அமைந்தது. பரபக்கத்தில் முதலில் எதிர்ச்சமயத்தின் கொள்கை சொல்லப்படுகிறது, அதன் பிறகே மறுப்பு. பிறர் கருத்தை அவரே ஒப்புக்கொள்ளும்படி எடுத்துரைக்கத் தெரியாதவருக்கு அதை மறுக்கும் தகுதி இல்லை என்ற நேர்மை அந்த அமைப்பிலேயே இருக்கிறது. நன்னூல் இன்னும் நேரடியாகப் பேசுகிறது. நூலாசிரியர் கைக்கொள்ளும் மதம் ஏழு என்று பவணந்தியார் வகுக்கும்போது பிறர் கருத்துக்கு உடன்படுவது, அதை மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பின்பு களைவது, தானே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துவது, இருவர் மாறுபட்ட இடத்தில் ஒருபக்கம் துணிவது எல்லாம் அதில் வருகின்றன. மாணாக்கனைப் பற்றிச் சொல்லும் இடத்தில் ஆசிரியர் சொல்வதை நன்றாகக் கேட்டாலும் காற்பங்கு அறிவுதான் சேரும் என்கிறார். உடன் பயில்பவரோடு பழகுவதில் இன்னொரு காற்பங்கு, பிறருக்கு எடுத்துரைப்பதில் மீதி அரைப்பங்கு. இந்தக் கணக்கை மீண்டும் பார்க்கவேண்டிய இடம் பின்னால் வரும்.

அறவண அடிகள் சொல்லும் அளவையியல் பௌத்த அறிஞர் திங்நாகரின் மரபைச் சேர்ந்தது. திங்நாகர் காஞ்சிப் பக்கத்தில் பிறந்தவர் என்று திபெத்திய மரபு சொல்கிறது. அந்தத் தர்க்கம் இன்றும் உயிரோடு இருக்கும் இடம் நமக்கு வெகுதூரத்தில் இல்லை. கர்நாடகத்தின் பைலகுப்பேயிலும் முண்ட்கோடிலும் உள்ள திபெத்திய மடங்களில் இளம் துறவிகள் முற்றத்தில் கூடி நாள்தோறும் வாதிடுகிறார்கள். நாட்டியவர் தரையில் அமர்ந்திருப்பார். கேட்பவர் எதிரே நின்று, ஒவ்வொரு கேள்வியின் முடிவிலும் கையை ஓங்கித் தட்டுவார். அமர்ந்திருப்பவருக்கு அனுமதிக்கப்பட்ட பதில்கள் மிகச் சில: ‘ஏற்கிறேன்’, ‘ஏன்?’, ‘ஏது நிலைபெறவில்லை’, ‘அந்த ஏதுவிலிருந்து இந்த முடிவு வராது’. பேச்சுத்திறனுக்கு அங்கே வேலையே இல்லை. கேள்வி எதைத் தாக்குகிறது, தன் வாதத்தின் எந்த உறுப்பு ஆட்டம் காண்கிறது என்று கண்டுகொண்டாக வேண்டும். தொடக்கப் பாடமே வெள்ளை, சிவப்பு போன்ற நிறங்களைப் பற்றிய எளிய வாதம். சின்னப் பொருளில் பழகி, பல ஆண்டுகள் கழித்துத்தான் பெரிய தத்துவத்துக்கு வருகிறார்கள். நெடுங்காலம் ஆண்களுக்கு மட்டும் உரியதாக இருந்த இந்தப் படிப்பின் உயர்ந்த பட்டத்தை 2016இல் முதன்முறையாக இருபது பெண் துறவிகள் சேர்ந்து பெற்றார்கள். நாவல் கிளையை மணலில் நட்டு ‘வாதிட வருவோர் வரலாம்’ என்று ஊர் ஊராக அறைகூவிய குண்டலகேசியின் கதையும், அதற்கு மறுப்பாக எழுந்த நீலகேசியின் கதையும் தெரிந்த நமக்கு அந்தச் செய்தி தனி மகிழ்ச்சி தர வேண்டும்.

இவ்வளவு இருந்தும் நம் கையில் மிஞ்சியது பட்டிமன்றம். நான் அதைக் குறைத்து மதிப்பிடவில்லை. சா. கணேசன் 1939இல் காரைக்குடியில் தொடங்கிய கம்பன் கழகத்தின் மேடைகளும், குன்றக்குடி அடிகளாரின் நடுவர் உரைகளும் இலக்கியத்தை ஊர்மக்களிடம் கொண்டுவந்தன. பின்னர் தொலைக்காட்சி அதை வீட்டுக்குள்ளேயே கொண்டு சேர்த்தது. ஆனால் அதன் அமைப்பைப் பாருங்கள். ஒருவர் பேசி அமர்கிறார், அடுத்தவர் எழுந்து பேசுகிறார். முன்னவர் சொன்ன ஓரிரு செய்திகளைத் தொட்டுவிட்டுத் தன் உரைக்குப் போய்விடலாம். நேருக்கு நேர் குறுக்குக் கேள்வி கேட்பது கிடையாது. முடிவில் நடுவர் தீர்ப்பு. கைத்தட்டல் எங்கே எழுகிறது என்பதைக் கேட்டுக்கொண்டே வளரும் பிள்ளைக்கு வாதம் என்றால் நல்ல வசனம் என்றே பதிகிறது. வழக்காடு மன்றத்தில் கேள்விக்கும் மறுமொழிக்கும் இன்னும் கொஞ்சம் இடம் உண்டு. பள்ளிகள் அதை எடுத்திருக்கலாம். எடுத்தது பேச்சுப்போட்டியை. தலைப்பு ‘அறிவியல் ஆக்கமா, அழிவா?’ ஆசிரியரோ பெற்றோரோ எழுதித் தந்த மூன்று நிமிட உரை, ஏற்ற இறக்கத்தோடு மனப்பாடம். உச்சரிப்பு, குரல், நேரம் பார்த்துப் பரிசு. அந்த உரையில் ஒரு வரியைச் சுட்டி ‘இது எப்படித் தெரியும்?’ என்று யாராவது கேட்டால் பிள்ளை திகைத்துப்போகும். அதன் குற்றமல்ல அது. அதனிடம் யாரும் அதுவரை கேட்டதில்லை.

தமிழ்நாட்டில் பலருக்குத் தான் எழுதியதை ஒரு சபையில் நின்று காக்கும் முதல் வாய்ப்பு முனைவர் பட்டத்தின் பொது வாய்மொழித் தேர்வில்தான் வருகிறது. அப்போது வயது முப்பதை நெருங்கியிருக்கும்.

தர்க்க விதிகளை முறையாக ஒரு பாடமாகவே நடத்திவிட்டால் என்ன? நியாயமான யோசனை. 1960களில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் அமைத்த ஒரு புதிர் இதைச் சோதிக்க உதவியது. நான்கு அட்டைகள் மேசைமேல்: அ, க, 4, 7. ஒவ்வொன்றிலும் ஒருபக்கம் எழுத்து, மறுபக்கம் எண். ‘ஒருபக்கம் உயிரெழுத்து இருந்தால் மறுபக்கம் இரட்டை எண் இருக்கும்’ என்பது விதி. விதி உண்மையா என்று அறிய எந்த அட்டைகளைத் திருப்ப வேண்டும்? பெரும்பாலோர் ‘அ’வையும் ‘4’ஐயும் திருப்புவார்கள். திருப்ப வேண்டியது ‘அ’வும் ‘7’ம். ‘4’இன் மறுபக்கம் எது இருந்தாலும் விதி பொய்யாகாது, ‘7’இன் மறுபக்கம் உயிரெழுத்து இருந்தால் விதி உடைந்தது. நம் மனம் விதிக்கு ஆதரவானதைத் தேடுகிறது, அதை உடைக்கக்கூடியதைத் தேடுவதில்லை. 1986இல் செங், ஹோலியோக், நிஸ்பெட், ஆலிவர் ஆகியோர், கல்லூரியில் ஒரு பருவம் முழுக்கத் தர்க்கப் பாடம் படித்த மாணவர்களுக்கு இவ்வகைப் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். முன்னேற்றம் மிகச் சொற்பம். ஆனால் இதே புதிரை மது அருந்தும் வயது பற்றிய விதியாக மாற்றி, யாரைச் சோதிக்க வேண்டும் என்று கேட்டால் பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிடுகிறார்கள். பழக்கமான வாழ்க்கைச் சூழலில் நன்றாகவே ஓடும் அறிவு குறியீடுகளுக்கு நடுவில் நின்றுவிடுகிறது.

இன்னொரு ஆய்வுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மோஷ்மனும் கீலும் 1998இல் வெளியிட்டது. இதே வகைப் புதிரைக் கல்லூரி மாணவர்களுக்குத் தனித்தனியே கொடுத்தபோது சரியாகச் செய்தவர்கள் 9 விழுக்காடு. ஐந்தாறு பேர் சேர்ந்து பேசி முடிவெடுக்கச் சொன்னபோது 75 விழுக்காடு குழுக்கள் சரியான விடைக்கு வந்தன. யாரும் விதி கற்பிக்கவில்லை. ‘ஏன் அதைத் திருப்புகிறாய்?’ என்று பக்கத்திலிருப்பவர் கேட்டதே போதுமானதாக இருந்தது. ஹ்யூகோ மெர்சியேவும் டான் ஸ்பெர்பரும் 2011இல் முன்வைத்த கோட்பாடு இதற்கொரு விளக்கம் தருகிறது: பகுத்தறியும் திறன் தனிமையில் உண்மை தேடுவதற்காக மனிதரிடம் உருவானதல்ல, பிறரோடு வாதிடுவதற்காக உருவானது. தன் கருத்துக்குக் காரணம் தேடுவதில் நாம் சோம்பேறிகள், பிறர் கருத்தைச் சோதிப்பதில் கூர்மையானவர்கள். கோட்பாட்டை முழுதும் ஏற்காதவர்கள் உண்டு. ஆனால் வகுப்பறையில் இருந்து பார்த்தால் இந்தக் கடைசிச் செய்தி அப்படியே பொருந்துகிறது. பவணந்தியாரின் கணக்கிலும் உடன் பயில்வோருக்கும் எடுத்துரைப்பதற்கும் முக்காற்பங்கு போயிருப்பது நினைவுக்கு வருகிறது.

படிப்பு ஏற ஏற வாதத்திறனும் தானாக ஏறிவிடும் என்பது நம் பொதுவான நம்பிக்கை. ஹார்வர்டின் டேவிட் பெர்கின்ஸ் 1985இல் இதை ஆராய்ந்தார். உயர்நிலைப் பள்ளி, கல்லூரி, பட்டமேற்படிப்பு என்று ஒவ்வொரு நிலையிலும் முதலாண்டு மாணவரையும் கடைசி ஆண்டு மாணவரையும் ஒப்பிட்டார். அன்றாடப் பிரச்சினைகளில் காரணகாரியத்தோடு பேசும் தரம் அந்த ஆண்டுகளில் மிகச் சிறிதே உயர்ந்திருந்தது. அவருடைய பிந்தைய ஆய்வுகளில், அறிவுத்திறன் மிக்கவர்கள் தங்கள் பக்கத்துக்கு அதிகக் காரணங்கள் சொன்னார்கள், எதிர்ப்பக்கத்துக்குச் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை தன் கோட்டைக்கு மேலும் மேலும் சுவர் எழுப்புகிறது. வெளியே நின்று அந்தக் கோட்டையைப் பார்க்கப் பழகவில்லை.

இதற்கு மாற்று தேடியவர்களில் டியானா குன் முதன்மையானவர். 2011இல் அவரும் அமண்டா குரோவெலும் வெளியிட்ட ஆய்வு ஓர் அமெரிக்க நகர நடுநிலைப்பள்ளியில் மூன்றாண்டுகள் நடந்தது. ஒரே பக்கத்தில் இருக்கும் இருவர் சேர்ந்து, எதிர்ப்பக்கத்து இருவரோடு வாதிடுகிறார்கள். வாயால் பேசுவதில்லை, கணினியில் தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். சொன்னது எழுத்தில் நிற்கிறது. பக்கத்திலிருக்கும் தோழியோடு ‘இதற்கு என்ன பதில் சொல்லலாம்?’ என்று யோசிக்க அவகாசம் கிடைக்கிறது. ஒப்பீட்டுக் குழுவினர் வழக்கமான வகுப்பு விவாதமும், கூடுதலாகக் கட்டுரைப் பயிற்சியும் பெற்றார்கள். முடிவில் தனியாக அமர்ந்து கட்டுரை எழுதியபோது எதிர்த்தரப்பைக் கணக்கில் எடுத்து, அதற்கு விடைசொல்லி எழுதியவர்கள் வாதிட்டுப் பழகிய மாணவர்களே. அதிகக் கட்டுரை எழுதியவர்களைவிட அதிகம் மறித்துக் கேட்கப்பட்டவர்கள் நல்ல கட்டுரை எழுதினார்கள்! எதிராளி அவர்கள் மனத்துக்குள்ளேயே குடிவந்துவிட்டார்.

எல்லா முயற்சியும் இப்படிப் பலித்துவிடவில்லை. மாத்யூ லிப்மன் 1970களில் நியூஜெர்சியில் தொடங்கிய ‘சிறுவருக்கான தத்துவம்’ இயக்கம் கதை படித்து, கேள்வி எழுப்பி, வட்டமாக அமர்ந்து உரையாடும் முறை. இங்கிலாந்தில் 48 தொடக்கப் பள்ளிகளில் நடந்த சோதனையின் முடிவு 2015இல் வந்தபோது வாசிப்பிலும் கணக்கிலும் சிறிது முன்னேற்றம் காணப்பட்டது. பின்னர் அதைவிடப் பெரிய சோதனையில் வாசிப்பு மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. இதைக் காட்டி அந்த முறையைத் தள்ளுவது சரியல்ல என்பது என் கருத்து. உரையாடலின் பயனை வாசிப்புத் தேர்வில் தேடினால் அது அங்கே தெரிய வேண்டும் என்று என்ன கட்டாயம்? ஆனால் ‘வாதம் கற்றால் எல்லாப் பாடத்திலும் மதிப்பெண் ஏறும்’ என்று ஆசைகாட்டிப் பள்ளிகளில் நுழைவதும் கூடாது. வாதிடத் தெரிவதே போதுமான பயன்.

குன் பயன்படுத்திய முறைக்கு நம் ஊரில் கணினி வேண்டாம், துண்டுத்தாள் போதும். நாற்பது பேர் வகுப்பை நான்கு நான்கு பேராகப் பிரித்தால் பத்துக் குழு. பெஞ்சின் இந்தப் பக்கம் இருவர், அந்தப் பக்கம் இருவர். தலைப்பு சிறியதாக, பிள்ளைகளின் அனுபவத்துக்குள் இருக்க வேண்டும். ‘அறிவியல் ஆக்கமா, அழிவா’ வேண்டாம். ‘ஐந்தாம் வகுப்புவரை வீட்டுப்பாடம் வேண்டுமா?’ போதும். ஒருபக்கம் எழுதுகிறது: ‘வேண்டாம். விளையாட நேரம் இல்லாமல் போகிறது.’ தாள் எதிரே போகிறது. ‘வீட்டுப்பாடம் இல்லாவிட்டால் விளையாடத்தான் போவார்கள் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? டியூஷனுக்கு அனுப்பிவிட மாட்டார்களா?’ நல்ல அடி. பதிலுக்கு இவர்கள் சொன்னதையே திரும்பச் சொல்லலாம், கோபப்படலாம், அல்லது சற்று யோசித்து இப்படி எழுதலாம்: ‘டியூஷன் போகாத பிள்ளைகளுக்காவது நேரம் கிடைக்கும். எங்கள் தெருவில் அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம்.’ கூற்று சுருங்கிவிட்டது, ஆனால் உறுதியாகிவிட்டது. ‘எப்போதும்’ என்று தொடங்கியவர்கள் ‘பெரும்பாலும்’ என்று சொல்லக் கற்ற அந்த நொடியை ஆசிரியர் தவறவிடக் கூடாது. ஸ்டீபன் டூல்மின் 1958இல் வாதத்துக்கு வகுத்த ஆறு உறுப்புகளில் இந்த வரம்புச் சொல்லும் ஒன்று. கூற்றையும் சான்றையும் இணைக்கும் பொதுவிதி இன்னொன்று. எதிரணி தாக்கியது அதைத்தான். பெயர்களைப் பிள்ளைகள் பிறகு கற்கலாம்.

அறிவியல் வகுப்பு இதற்கு இன்னும் வசதியானது. பிரெண்டா கியோவும் ஸ்டூவர்ட் நெய்லரும் உருவாக்கிய கருத்துக் கேலிச்சித்திரம் ஒன்றில் பனிமனிதனுக்குக் கோட்டு போட்டால் சீக்கிரம் உருகுமா, தாமதமாக உருகுமா என்று பிள்ளைகள் வாதிடுகிறார்கள். பனிமனிதனைப் பார்த்திராத நம் பிள்ளைகளுக்கு மீன்சந்தையில் ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றிவைப்பது தெரியும். கம்பளி சூடு தரும் என்றால் சாக்கும் சூடு தராதா? கட்டி ஏன் உருகாமல் கிடக்கிறது? ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்துக் காரணம் எழுதிய பிறகு இரண்டு கட்டிகளை வைத்துப் பார்த்துவிடலாம். எதிராளியோடு சேர்ந்து உலகமும் மறுத்துப் பேசும் வகுப்பு அது.

போலிகளின் பட்டியலைக் கற்பிப்பதில் மட்டும் எனக்குத் தயக்கம் உண்டு. பெயர் தெரிந்த கையோடு பிள்ளைகள் ‘இது ஏதுப் போலி’ என்று எதிராளியின் நெற்றியில் முத்திரை குத்தத் தொடங்கிவிடுகிறார்கள், யோசிப்பது நின்றுவிடுகிறது. ஏன் போலி என்று அதே மூச்சில் சொல்லச் சொல்ல வேண்டும். போட்டி விவாதங்களிலும் இதேபோல் நன்மையும் ஆபத்தும் சேர்ந்தே வருகின்றன. தான் நம்பாத பக்கத்துக்காகப் பேசவைப்பது அருமையான பயிற்சி. மாற்றார் பார்வையில் கொஞ்சநேரம் வாழவைக்கிறது. அதுவே பழகிப்போனால் எந்தப் பக்கமும் பேசலாம் என்ற வெறுமை வந்துவிடும். வேறொருவர் பக்கம் நின்று பேசியபின் ‘இப்போது உன் எண்ணம் என்ன, எது மாறியது?’ என்று கேட்டு எழுதவைத்தால் இந்த ஆபத்து குறையும். கருத்தை மாற்றிக்கொண்டதாக எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் குறையக் கூடாது. கூடுதலாகவே கொடுக்கலாம்.

யார் பேசுகிறார்கள் என்ற கேள்வியும் இருக்கிறது. முழு வகுப்பு விவாதத்தில் முன்பெஞ்சு மூன்று பேர் பேசுவார்கள். வீட்டில் குரல் எழுப்பப் பழகாத பெண் பிள்ளைகளும், வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்தவர்களும், ஊரில் தலைகுனிந்து நடக்கப் பழக்கப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளும் பின்னால் அமைதியாக இருப்பார்கள். துண்டுத்தாளில் எழுதும்போது அந்த அமைதி உடைவதைக் காணலாம். எழுதிய வரிக்கு எதிரணி பதில் சொல்லியே ஆக வேண்டும்; எழுதியவர் யார் வீட்டுப் பிள்ளை என்பது தாளில் இருக்காது.

ஆசிரியர்களுக்கு உள்ள தயக்கம் எனக்குப் புரிகிறது. பாடத்திட்டம் முடிய வேண்டும், பொதுத்தேர்வு வருகிறது. 2005ஆம் ஆண்டு தேசியக் கலைத்திட்டமும் 2020ஆம் ஆண்டு தேசியக் கல்விக் கொள்கையும் ஆய்வு நோக்கோடு சிந்திப்பதைப் பற்றி நல்ல வார்த்தைகள் சொல்கின்றன. வினாத்தாள் அதைக் கேட்காதவரை வகுப்பறைக்கு அது வராது. பிரான்சில் பள்ளி இறுதியில் தத்துவத் தேர்வு நான்கு மணி நேரம் நடக்கிறது, கட்டுரைக் கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் மாணவர் இருபக்கமும் நின்று எழுதுவது வழக்கம். அவ்வளவு வேண்டாம். தமிழ்த் தாளின் கட்டுரை வினாவில் ‘உங்கள் கருத்துக்கு வரக்கூடிய வலுவான மறுப்பு எது? அதற்கு உங்கள் விடை என்ன?’ என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு இரண்டு மதிப்பெண் வைத்தால் அடுத்த ஜூன் மாதமே வகுப்புகள் மாறத் தொடங்கும். கட்டுரையைக் கணினியே எழுதித் தந்துவிடும் காலத்தில் எழுதியவரை எதிரே உட்காரவைத்து இரண்டு கேள்வி கேட்பதைவிட நம்பகமான மதிப்பீடும் இல்லை.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு வேலை கணக்கு வகுப்பில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு வடிவியலில் தேல்ஸ் தேற்றத்தின் நிரூபணம் அட்டவணையாக இருக்கும்: எண், கூற்று, காரணம். மாணவர்கள் மூன்றையும் வரிசை மாறாமல் மனப்பாடம் செய்கிறார்கள். நாளைக்கு ஒரு பெஞ்சில் இருவரை எடுத்துக்கொள்ளலாம். ஒருத்தி காரணம் என்ற மூன்றாவது பத்தியை வெள்ளைத்தாளால் மூடிவைத்துக்கொண்டு கூற்றுகளை ஒவ்வொன்றாக வாசிக்கட்டும். அடுத்தவள் ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, ‘ஏன்?’ என்று கேட்கட்டும்.